மூன்றாவது முடிச்சு

"உங்க கயிறு என்னைக் கைவிட்டுருச்சு தாயி" என்றான் சோணைமுத்து.

பூசாரி இருளாயி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, வந்து உட்காரச் சொன்னாள்.

கண்மாய்க் கரைக் கருப்பசாமி கோயிலில் குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டுவது அவள்தான். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. மினி பஸ் ஓட்டும் சோணைமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. அவன் அவளைத் தாயி என்பான், அவள் அவனை அண்ணே என்பாள்.

வலது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. மூன்று முடிச்சு. ஒரு வருசக் கெடு, சாமி முன்னால் சத்தியம். முறை அவ்வளவுதான்.

நாலு மாசம் அவன் தொடவே இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்தாம் மாசம் ஒரு மத்தியானம் குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். சந்தை முக்கில் கீரை விற்றுக்கொண்டிருந்த ராக்கு மேல் ஏற்றிவிட்டான். உயிர் பிழைத்தாள். இடது கால் முழங்காலோடு போயிற்று.

நாளைக்குக் கோர்ட்டில் அவன் வாய் திறக்க வேண்டிய நாள்.

வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். தெரிந்தே குடித்துவிட்டு வண்டியேற்றியவனைச் சட்டம் விடாதாம். தெரியாமல் எவனாவது கலந்து கொடுத்திருந்தால் கதை வேறாம். அன்றைக்கு ஒரு கிடா வெட்டு விருந்து. குடிக்கக் கொடுத்த கலர் சோடாவில் யாரோ சாராயத்தைக் கலந்துவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

கயிறு கட்டினவன் தெரிந்து குடிப்பானா என்று வக்கீல் கேட்பார். ஆமாம், நான்தான் கட்டினேன், சத்தியம் தப்பாத மனுசன் என்று இருளாயி கூண்டேறி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லாவிட்டால் ஜெயில்தான்.

"கலந்தாங்களா அண்ணே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல தாயி."

"அப்பக் கயிறு எங்க இருந்துச்சு?"

"வண்டிக் கண்ணாடியில தொங்குச்சு."

அடப் பாவி மனுசா என்று நமக்குத் தோன்றும். அவளுக்கு இது புதுசு இல்லை. கயிறு கையில் இருக்கும்போது குடித்தால்தான் சாமிகுத்தம், கழற்றி மாட்டிவிட்டுக் குடித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டால் சத்தியம் சத்தியமாகவே இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆம்பிளைகளில் பாதிப் பேருக்கு ஒரு நினைப்பு. கருப்பனுக்கே டிமிக்கி கொடுக்கிற ஆட்கள்.

"யாரு அவுத்தது?"

"குடிதான் தாயி. நான் இல்ல."

சொல்லிவிட்டு அழுதான். பொய்யழுகை இல்லை. கை நடுங்குமாம், நாக்கு வறண்டு போகுமாம், கால் தன்னால் கடைப் பக்கம் திரும்புமாம். நீயெல்லாம் மனுசனா என்று பெண்டாட்டி கேட்கிறாளாம். அது அவனுக்கே தெரியவில்லையாம். ராக்குவை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறதாம். எனக்குள்ளே உட்கார்ந்துகொண்டு அந்தக் குடி செய்கிறது, பழி மட்டும் எனக்கா என்று கேட்டான்.

இருளாயிக்கு மனசு தாங்கவில்லை. அவளுக்கு முன்னால் அங்கே பூசாரியாக இருந்த அவளுடைய அப்பனும் குடித்தே போனவர்தான்.

"நடுக்கம் சீக்குதான் அண்ணே. அதுக்கு உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். பெரியாஸ்பத்திரியில வைத்தியம் இருக்கு. நானே கூட்டிட்டுப் போறேன்."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியானால் நாளைக்குக் கோர்ட்டுக்கு வருவீர்களா என்று கேட்டான்.

அவள் எழுந்து, சாமி முன்னால் இருந்த தட்டிலிருந்து ஒரு புதுக் கயிற்றை எடுத்தாள். அவன் வலது கையைப் பிடித்து, அன்றைக்குப் போலவே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சு போட்டாள்.

"குடிதானே அவுத்துச்சு. இப்பவும் அதையே அவுக்கச் சொல்லுங்க."

கேலி பண்ணுகிறாளோ என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"அது எப்படித் தாயி? இப்ப நான் குடிக்கலையே."

"அன்னைக்கு அவுக்கும்போது குடிச்சிருந்தீங்களா?"

அவன் மணிக்கட்டைப் பார்த்தான்.

குனிந்து, இடது கையால் முடிச்சைப் பிடித்தான். ஒற்றைக் கை போதவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். கோயில் முடிச்சு, லேசில் விடாது. முதல் முடிச்சு நெகிழ்வதற்குள் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

அன்றைக்கும் இதே பாடுதான். விருந்துப் பந்தலுக்குப் பின்னால், புளியமர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகொண்டு பல்லால் இழுத்திருந்தான்.

இரண்டாவது முடிச்சு வந்தது. அங்கே அவன் கொஞ்சம் தயங்கினான். அன்றைக்கும் இதே இடத்தில் நிறுத்தியிருந்தான். வேணாம்டா சோணை என்று வாய்விட்டே சொல்லியிருந்தான். எப்படி அதை மறந்தோம் என்று அவனுக்குத் திக்கென்றது.

அதையும் அவிழ்த்தான். மூன்றாவதில் பல்லை வைத்தான்.

வைத்தவன் அப்படியே இருந்தான். கண்மாய்த் தண்ணீரில் யாரோ மாடு குளிப்பாட்டும் சத்தம் கேட்டது.

"ஏன் அண்ணே நிறுத்திட்டீங்க?"

"நிறுத்த முடியுது தாயி" என்றான்.

அதைச் சொல்லும்போது அவனுக்குப் பயமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

பிறகு அதே பல்லால் கயிற்றைப் பிடித்து இழுத்து, மூன்றாவது முடிச்சை இறுக்கினான். அவிழ்த்த இரண்டையும் திரும்பப் போடத் தொடங்கினான். நடுங்குகிற கை, கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. இருளாயி உதவிக்குக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினான்.

அவன் போட்டு முடிக்கும் வரைக்கும் அவள் காத்திருந்தாள். முடிச்சுகள் அவள் போட்டதைப் போல அழகாக இல்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் அண்ணே?"

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் வாங்க தாயி. கோர்ட்டுக்கு வேணாம்" என்றான் சோணைமுத்து. "அவுக்கும்போது அங்க இருந்தது நான் ஒருத்தன்தான்."