உப்பளத் தெருவில் இரண்டு தாய்மார்

விடை சொல்ல அவசரப்பட வேண்டாம். இந்தக் கதையில் பொய் சொல்கிறவர் யாரும் இல்லை. கெட்டவரும் இல்லை. அதனால்தான் இது கடினம்.

நகரத்தின் குப்பை வந்து விழும் மேட்டுக்குப் பின்புறம் உப்பளத் தெரு. பழைய ஒயர்களை எரித்து உள்ளே இருக்கும் செம்பை எடுப்பது அங்கே தொழில். கத்தியால் தோலைச் சீவினாலும் செம்பு வரும். ஆனால் ஒரு மாலையில் எரித்து முடிப்பதைச் சீவி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே எரிப்பார்கள்.

நாகவள்ளியும் எல்லம்மாவும் அடுத்தடுத்த வீடு. இருவரும் இதே தெருவில் பிறந்து இதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். ஒரே புகை, ஒரே தண்ணீர் லாரி. எல்லம்மா வளர்த்த கோழிகள் எரித்த இடத்துச் சாம்பலைக் கிளறி மேய்ந்தன. பிள்ளைத்தாய்ச்சிக்குக் கடை முட்டை ஆகாது, நாட்டுக்கோழி முட்டையில்தான் வலு என்பது அந்தத் தெருவில் எல்லோரும் அறிந்த விஷயம். இருவரும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்தார்கள். எல்லம்மா தினமும் முட்டை அவித்து, உரித்து, ஒன்றைத் தான் தின்று ஒன்றை நாகவள்ளியைத் தின்னவைத்தாள். வேண்டாம் என்றால் விடமாட்டாள்.

நாகவள்ளிக்குப் பிறந்தது தலைச்சன். எல்லம்மாவுக்கு நான்காவது.

தாய்ப்பாலை ஆய்வு செய்ய டாக்டர் இன்பமதி அந்தத் தெருவுக்கு வந்தார்.

"எங்க பாலை எடுத்துட்டுப் போயி காப்பி போடப் போறியா டாக்டரம்மா?" என்றாள் எல்லம்மா.

டாக்டரும் சிரித்தார். பாலில் என்ன இருந்தாலும் மறைக்காமல் சொல்வதாக வாக்குக் கொடுத்துத்தான் இருவரிடமும் வாங்கிப் போனார்.

வாக்குத் தவறாமல் திரும்பியும் வந்தார். இருவர் பாலிலும் டயாக்சின் என்ற நஞ்சு இருந்தது. அதை யாரும் விற்பதற்காகச் செய்ததில்லை. வேறொன்றைச் செய்யும்போது கூடவே பிறப்பது அது. ஒரு நாட்டில் போருக்காகக் காட்டின் மேல் தெளித்த மருந்தோடு கலந்து இறங்கியது. இன்னொரு நாட்டில் தொழிற்சாலையிலிருந்து பீறிட்டு ஊர்மேல் படிந்தது. உப்பளத் தெருவில் ஒயரின் தோல் எரியும்போது பிறக்கிறது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும். பாதி குறையவே ஏழெட்டு வருடம் ஆகும். கொழுப்பு எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும்; சாம்பலில் மேய்ந்த கோழியின் முட்டைக்கும், தாயின் பாலுக்கும்.

நாகவள்ளியின் பாலில் இருந்ததில் பாதிதான் எல்லம்மாவின் பாலில் இருந்தது.

"இருந்தாலும் நீ பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது நாகவள்ளி" என்றார் டாக்டர். "தாய்ப்பாலில் கிடைக்கும் நன்மை இதைவிடப் பெரிது. உன் குழந்தைக்கு உன் பால்தான்."

"வெசம் இருக்குன்றீங்க. அதையே குடுன்றீங்க. அப்ப எதுக்கு மேடம் எங்கிட்ட சொன்னீங்க?"



நாகவள்ளியின் கணவன் தேசிங்கு எழுந்து சட்டையைப் போட்டான். "டின் பவுடர் வாங்கியாறேன். தெரிஞ்சே எப்படிக் குடுக்கறது?"

"பவுடரை எதுல கரைப்ப? லாரித் தண்ணியிலயா?" என்றாள் எல்லம்மா. எதிர்வீட்டுக் குழந்தை டின் பால் குடித்து வளர்ந்தது. போன மழையில் வயிற்றுப்போக்கு கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தது. தேசிங்கு சட்டைப் பொத்தானைப் போடாமல் நின்றான்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. கொழந்தைய எங்கிட்ட குடுடி. எனக்கு ரெண்டு புள்ளைக்குப் பாலு கீது. எம்பாலுல பாதிதான கீது? அந்த முட்டையத் துன்ன வச்ச பாவியே நாந்தான்" என்றாள் எல்லம்மா. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏன் டாக்டரம்மா, ஒரே பொகை, ஒரே முட்டை. எனக்கு மட்டும் எப்படிக் கம்மி? எந்தச் சாமி காப்பாத்துச்சு?"

எல்லம்மாவின் மூத்த மகள் லாவண்யா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

நாகவள்ளியின் மடியில் குழந்தை பசித்து அழுதுகொண்டிருந்தது. அவள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உன் பாலையே கொடு என்றார் டாக்டர். டின் பால் என்றான் தேசிங்கு. என் பால் என்றாள் எல்லம்மா. கதையைக் கேட்டவர்களே, இந்த மூவரில் யார் சொன்னது சரி? அது சரியென்றால், எல்லம்மாவின் கேள்விக்கு டாக்டர் ஏன் பதில் சொல்லவில்லை?

விடை: இந்தக் குழந்தைக்கு எல்லம்மா சொன்னதே சரி. தேசிங்கு சொன்னதில் சாவு அருகில் இருந்தது. டாக்டர் சொன்னதில் நஞ்சு இரண்டு மடங்கு. ஆனால் எல்லம்மாவின் பாலில் நஞ்சு குறைந்தது எந்தச் சாமியாலும் அல்ல. முன்னே பெற்ற மூன்று பிள்ளைகளும் அதில் பாதியைக் குடித்துத் தீர்த்திருந்தார்கள். அதிகம் குடித்தது மூத்தவள். மகளை வாசலில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல டாக்டருக்கு வாய் வரவில்லை; மறைக்கமாட்டேன் என்ற வாக்கு அந்த இடத்தில் உடைந்தது. எல்லம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். தன் பால் நல்ல பால் என்று தெருவெல்லாம் சொன்னாள். நாகவள்ளிக்குப் பால் கட்டி, மார் கல்லாகிக் காய்ச்சல் வந்தது. வற்றட்டும் என்று மார்மேல் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். பால் வற்றியது. பாலோடு போயிருக்க வேண்டிய நஞ்சு அவளுக்குள்ளேயே நின்றுவிட்டது, அடுத்த பிள்ளைக்கு.