'ம்' கொட்டிய விருந்து

தாமரைக் குளத்தின் வடகரையில் ஒரு புனுகுப் பூனை ஹோட்டல் நடத்தி வந்தது. ஹோட்டலா அது? அரண்மனை! தரையெல்லாம் பாசி மெத்தை. கூரையெல்லாம் முல்லைக்கொடி. அந்தப் பக்கம் போனாலே வாசனை ஆளைத் தூக்கும்.

வாசலில் ஒரு பலகை தொங்கியது. "வயிறு நிறைய விருந்து. பறவைக்கு ஓர் இறகு. ஆட்டுக்கு ஒரு பிடி முடி. முள்ளம்பன்றிக்கு ஒரு முள். அவ்வளவுதான் விலை!" என்று அதில் எழுதியிருந்தது.

வேலப்பன் என்ற முள்ளம்பன்றி அந்தப் பலகையைப் பார்த்தது. அன்றிலிருந்து அதற்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

"ஒரே ஒரு முள்ளு, முள்ளாயி! உடம்பைச் சிலிர்த்தா தானா உதிர்றதே அதுக்கு மேல இருக்கும். ஒரு தடவை போயிட்டு வருவோம் புள்ள!" என்று பெண்டாட்டியிடம் கெஞ்சியது.

முள்ளாயி சந்தேகப் பிராணி. மழை பெய்தால், 'எதுக்கு இப்போ பெய்யுது?' என்று மேகத்தை முறைக்கும். பக்கத்துப் பொந்து முயல் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்தால், 'இது ஏன் கேட்குது?' என்று நாள் முழுக்க யோசிக்கும்.

"ஏங்க, ஒரு முள்ளை வெச்சுக்கிட்டு அந்தப் பூனை என்ன பண்ணும்? பல்லு குத்துமா?" என்று கேட்டது முள்ளாயி.

"ஊரே போய்ச் சாப்பிடுது புள்ள!"

"சாப்பிட்டு வந்தவங்க யாராச்சும் அதைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கீங்களா? நல்லா இருந்துச்சுன்னு சொல்லலாம். நல்லா இல்லைன்னு சொல்லலாம். ஒருத்தரும் வாயே திறக்கலையே, ஏன்?"

வேலப்பனின் நாக்கில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. எச்சிலுக்கு முன்னால் எந்தக் கேள்வி நிற்கும்?

கடைசியில் முள்ளாயி இறங்கி வந்தது. "சரி, போவோம். ஆனா ஒண்ணு. நம்ம குட்டிக்கு இன்னும் முள்ளு கெட்டிப்படலை. பள்ளத்துச் சிறுத்தை தினமும் பொந்து வாசலை மோந்து பார்த்துட்டுப் போகுது. அது உள்ளே வராம இருக்கிறது நம்ம முதுகைப் பார்த்துத்தான். ஆளுக்கு ஒரு முள்ளு. அதுக்கு மேல ஒண்ணு போனாலும் பிள்ளை நமக்கில்லை. ஞாபகம் இருக்கட்டும்!"

குட்டியைத் தூங்க வைத்து, பொந்து வாயைக் கல்லால் அடைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் இரண்டும் கிளம்பின.

ஹோட்டல் வாசலில் ஒரு மயில் தலை குனிந்து வரவேற்றது. அதற்குத் தோகையே இல்லை. பின்பக்கம் மொட்டையாக இருந்தது.

"உன் தோகை எங்கே?" என்று முள்ளாயி கேட்டது.

மயில் அலகை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியது. உதிர்ந்துவிட்டது என்கிறதா, கேட்காதே என்கிறதா, ஒன்றும் விளங்கவில்லை. வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு செந்நாய்கள் உட்கார்ந்திருந்தன. உள்ளே ஒரு மூலையில், மேலெல்லாம் மொட்டையடித்த ஆடு ஒன்று எச்சில் இலைகளைக் கழுவிக்கொண்டிருந்தது.

முள்ளாயி புருஷன் காதோரம் போய், "எதையும் வேணும்னு கேட்டுடாதீங்க. கொடுங்கன்னு சொல்லிடாதீங்க. வைக்கிறதைச் சாப்பிட்டுட்டு வந்த வழியே போயிடணும்" என்றது.

"நீ சொல்லிட்டா அப்பீல் ஏது!" என்று வேலப்பன் மெத்தையில் சாய்ந்தது.

பரிமாற ஒரு கொக்கு வந்தது. அப்பழுக்கில்லாத வெள்ளை உடம்பு. பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய ஒரு மண்பானையை வைத்துவிட்டு, ஒரு காலை மடக்கி, ஒற்றைக் காலில் பணிவாக நின்றது.

"வணக்கம் சார்! வணக்கம் மேடம்!"

முள்ளாயி முதலில் தண்ணீரை மோந்து பார்த்தது. "இதுக்கு விலை உண்டா?"

"தண்ணிக்கு விலையா! சேச்சே!"

"இந்த மெத்தைக்கு?"

"மேடம், நீங்க கேட்டதை மட்டும்தான் நாங்க கொண்டு வருவோம். கேட்காததைக் கொண்டு வந்து விலை போட்டா அது எங்க தப்பு" என்றது கொக்கு.

அது முள்ளாயிக்குப் பிடித்திருந்தது. நாம்தான் எதையும் கேட்கப் போவதில்லையே! வாயைக் கட்டினால் செலவில்லை. கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டது. இருந்தாலும் இலையைத் தூக்கி அடியில் பார்த்துக்கொண்டது.

சுட்ட வள்ளிக்கிழங்கு வந்தது. கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது.

"இந்தக் கிழங்கு இருக்கே, மலையடிவாரத்துச் செம்மண்ணுல விளைஞ்சது."

"ம்" என்றது வேலப்பன். வாய் நிறையக் கிழங்கு.

எங்கோ 'டொளக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்னங்க அது சத்தம்?" என்று முள்ளாயி காதைத் தூக்கியது.

"குளத்துல தவளை குதிக்குது புள்ள. பேசாம சாப்பிடு!"

கொக்கு தொடர்ந்தது. "மழை பெஞ்சு ஓய்ஞ்ச மறுநாள் தோண்டி எடுத்தது மேடம்."

"ம்" என்றது முள்ளாயி. ஒருவர் மெனக்கெட்டுச் சொல்லும்போது கல் மாதிரி உட்கார்ந்திருப்பதா? அது மரியாதையா?

டொளக்!

"பெரிய மனுஷங்க இதைக் கொம்புத்தேன் தொட்டுத்தான் சாப்பிடுவாங்க."

"ம்."

டொளக்! கொம்புத்தேன் வந்து இறங்கியது.

"நாங்க கேட்கலையே!" என்று முள்ளாயி பதறியது.

"கேட்காததுக்கு விலை இல்லைன்னு சொன்னேனே மேடம்" என்றது கொக்கு. "தேன் சாப்பிட்டா உடம்பு சூடாகும். காத்து வேணும்."

"ம்" என்றது வேலப்பன்.

டொளக்! ஒரு வௌவால் வந்து சிறகால் விசிற ஆரம்பித்தது. அப்புறம் குயில் வந்து பாடியது. மின்மினிகள் வந்து வெளிச்சம் காட்டின. கொக்கு கதை கதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. வேலப்பன் 'ம்' கொட்டியது. முள்ளாயியும் 'ம்' கொட்டியது. தவளைகள் குதித்துக்கொண்டே இருந்தன.

தேனை மோந்து பார்த்த முள்ளாயி, வௌவாலின் நகத்தைக்கூட ஆராய்ந்த முள்ளாயி, அந்தத் தவளைகளை மட்டும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. புனுகுப் பூனையே நேரில் வந்தது. வாசனை முன்னால் வந்தது, பூனை பின்னால் வந்தது.

"திருப்தியா சாப்பிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம்! விலையைப் பார்த்துடலாமா?" என்று மீசையை நீவிக்கொண்டது. "மேடம் முதுகுல இருக்கிற அத்தனை முள்ளும், சார் முதுகுல இருக்கிற அத்தனை முள்ளும். அப்படியும் கொஞ்சம் பாக்கி நிக்குது. அதை இங்கேயே இலை கழுவிக் கழிச்சுடலாம்."

வேலப்பனுக்கு விக்கல் எடுத்தது. "பலகையில ஒரு முள்ளுன்னு போட்டிருக்கே!"

"அது கிழங்குக்கு. தேனுக்கு? விசிறினதுக்கு? பாட்டுக்கு? வெளிச்சத்துக்கு? எங்க கொக்கு உங்களுக்காக ஒத்தைக் கால்ல நின்னுச்சே, அதுக்குச் சேவைக் கட்டணம் வேண்டாமா?"

"நாங்க எதையும் கேட்கலை! ஒரு வார்த்தை கேட்கலை!" என்று முள்ளாயி கத்தியது.

"வார்த்தை எதுக்கு மேடம்? 'ம்'னு சொன்னீங்களே, அது போதாதா?"

பூனை மண்பானையைக் கவிழ்த்தது. தண்ணீரோடு தாமரைக் கொட்டைகள் பொலபொலவென்று கொட்டின. அப்போதுதான் முள்ளாயி கொக்கின் மடக்கிய காலைப் பார்த்தது. அதன் விரல்களுக்குள் இன்னும் நிறையக் கொட்டைகள் இருந்தன. ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு கொட்டை பானையில் விழுந்திருக்கிறது. குளத்தில் தவளையே இல்லை!

இப்போது எல்லாம் விளங்கியது. மயில் ஏன் வாயைத் திறக்கவில்லை, சாப்பிட்டுப் போனவர்கள் ஏன் வெட்கத்தில் மூச்சு விடவில்லை, ஆடு ஏன் மொட்டை, எல்லாம்! அத்தனை பேரும் சாப்பிட வந்து 'ம்' கொட்டியவர்கள்.

முள்ளாயியின் மனசு பொந்துக்கு ஓடியது. கல்லுக்குப் பின்னால் குட்டி தூங்கிக்கொண்டிருக்கும். சிறுத்தை வரும். மொட்டை முதுகோடு போய் அதன் எதிரில் நின்று என்ன செய்வது? முள்ளாயிக்கு அழுகை முட்டியது. ஆனால் அழவில்லை.

"இந்த 'ம்' சட்டம் எங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று மெல்லக் கேட்டது.

சுற்றிலும் மற்ற இலைகளில் சாப்பிட உட்கார்ந்திருந்த விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூனை நெஞ்சை நிமிர்த்தியது. "எல்லாருக்கும்தான்! இந்தச் செந்நாய்களும் ஒரு நாள் சாப்பிட வந்தவைதான். ஏன், எனக்கும் அதே சட்டம்தான்! 'ம்'னா சம்மதம். பானையில கொட்டை விழுந்துட்டா அப்பீல் கிடையாது! நான் நேர்மையான வியாபாரி!"

சொல்லிவிட்டுச் செந்நாய்க்குக் கண் காட்டியது. செந்நாய் வேலப்பன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியது. "ஐயோ!" என்று வேலப்பன் அலறியது.

"கொஞ்சம் பொறுங்க முதலாளி!" என்றது முள்ளாயி. "முள்ளை எடுத்துக்கங்க. ஆனா, முள்ளெல்லாம் எங்கே போச்சுன்னு எங்க பிள்ளை கேட்கும். உங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. உங்களைப் பத்தி நல்லவிதமா ஒரு கதை சொல்லி வெக்கலாம்னு பார்க்கிறேன். சரியா இருக்கான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன்!"

தன்னைப் பற்றிய கதை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? பூனை மெத்தையில் காலை நீட்டிச் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டது. "சொல்லு, சொல்லு!"

கொக்கு பழக்கப்படி பானையில் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றது.

முள்ளாயி கதையை ஆரம்பித்தது. "ஒரு காட்டுல ஒரு முதலாளி இருந்தாரு. அவர் மீசையைப் பார்த்தாலே புலி எழுந்து நிக்கும்."

"ம்" என்றது பூனை.

டொளக்!

"அவர் நடந்து போன வழியில ஒரு வாரத்துக்கு வாசனை அடிக்கும்."

"ம்... ம்!"

டொளக்! டொளக்!

"இத்தனை தவளை எங்கேருந்து வருது?" என்று முணுமுணுத்தது வேலப்பன். முள்ளாயி அதை ஒரு மிதி மிதித்தது.

"ஒரு நாள் அவரோட ஹோட்டலுக்கு ஏழைப்பட்ட புருஷனும் பெண்டாட்டியும் வந்தாங்க. முதலாளி மனசு இளகிடுச்சு. 'பலகையில போட்ட விலையைக் கொடுத்துட்டுப் பத்திரமா வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லிட்டாரு."

"ம்" என்றது பூனை. குரலில் சொக்கல்.

டொளக்!

"அதோட விட்டாரா? மயிலு, ஆடு, கொக்கு, செந்நாய் எல்லாரையும் கூப்பிட்டாரு. 'உங்க கடன் தீர்ந்துச்சு. இனிமே யாரும் எனக்கு அடிமை இல்லை'ன்னுட்டாரு."

"ம்."

டொளக்!

"கடைசியில ஹோட்டலையே அவங்க கையில கொடுத்துட்டு, 'இத்தனை நாள் செஞ்சதுக்கு நான் இலை கழுவுறேன்'னு மூலையில போய் உட்கார்ந்தாரு."

"ம்ம்ம்..."

டொளக்!

பூனை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தது. "என்ன சத்தம் அது?"

"தவளை முதலாளி" என்றது முள்ளாயி.

பூனை பானையைப் பார்த்தது. கொக்கைப் பார்த்தது. அதன் மீசை துடித்தது. "அது கதை! கதைக்கு 'ம்' கொட்டினா சம்மதம்னு ஆயிடுமா?"

"கிழங்குக் கதைக்கு நாங்க கொட்டினது ஆச்சே!"

"டேய் செந்நாய்களா! பிடிங்கடா இதுங்களை!"

செந்நாய்கள் எழுந்தன. முள்ளாயியைப் பார்த்தன. பானையைப் பார்த்தன. பிறகு நிதானமாக நடந்து பூனையின் இரண்டு பக்கமும் வந்து நின்றன. "பானையில கொட்டை விழுந்துட்டா அப்பீல் கிடையாதுன்னு இப்பத்தானே முதலாளி சொன்னீங்க?" என்றது மூத்தது.

ஆடு வந்து, கழுவாத இலைக்கட்டைப் பூனையின் மடியில் வைத்தது. மயில் வெகுநாள் கழித்து வாயைத் திறந்து ஓர் அகவல் அகவியது. குளமே அதிர்ந்தது.

கொக்கு அந்தக் கொட்டைகளைப் பழக்கத்தில் போட்டதா, வேண்டுமென்றே போட்டதா? அது யாருக்கும் தெரியாது. கேட்டால் அது மற்றக் காலுக்கு மாறி நின்றுகொண்டது.

முள்ளாயி வாசலில் நின்று தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி வைத்தது. வேலப்பனின் முள் ஏற்கெனவே கீழே கிடந்தது. பலகை விலை சரியாகிவிட்டது. மற்ற முட்களையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு இரண்டும் ஓட்டமாக வீட்டுக்கு ஓடின. பொந்து வாயில் கல் அப்படியே இருந்தது. உள்ளே குட்டி கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. முள்ளாயிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஆசை தீர அழுதது.

பக்கத்தில் படுத்த வேலப்பன் வயிற்றைத் தடவிக்கொண்டது. "என்ன இருந்தாலும் அந்தக் கிழங்கு நல்லாத்தான் இருந்துச்சு. இனிமே மயிலும் ஆடும்தானே முதலாளி? அடுத்த மாசமும் ஒரு தடவை போவோமா புள்ள?"

முள்ளாயி வாயைத் திறக்கவே இல்லை.

எதற்கு என்று யோசிக்காமல் தலையாட்டி 'ம்' கொட்டுகிறவர், கேட்காத விருந்துக்கும் தன்னையே விலையாகக் கொடுக்க வேண்டி வரும்.