கழுவெளிக்கு வந்த முத்திரை ஓலை

ஏனாதிராயன் என்று ஒரு ராஜா. நல்லவர்தான். கடைசியாகப் பேசியவர் சொன்னதை நம்புவார், அதுதான் குறை.

தலைநகருக்குக் கிழக்கே ஒரு கழுவெளி. பாதி தண்ணீர், பாதி சேறு. நடுவில் ஒரு திட்டு, அதில் ஒரு நீர்க்கடம்பு மரம். பார்வைக்குப் புல்தரை. கால் வைத்தால் இடுப்பு வரை இழுக்கும். ஒருநாள் யாரோ சொன்ன வழியில் போன அரண்மனை யானை அதில் மாட்டிக்கொண்டது. நூறு பேர் வடம் போட்டு இழுத்தார்கள்.

"கண்டவர்களும் வழி சொன்னால் இப்படித்தான் மகாராஜா. சாத்திரம் படித்துத் தேறியவர்களுக்கு முத்திரை ஓலை கொடுப்போம்" என்றார் தலைமைப் பண்டிதர் வாகீசர்.

ஆணை பிறந்தது. ஓலை இல்லாதவர் கழுவெளியில் கால் வைத்தால் நாடு கடத்தல்.

வசந்த மண்டபத்தில் விரிப்புப் போட்டுத் தேர்வு நடந்தது. நாற்பது கேள்விகள். தேறியவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் வாகீசரின் சீடர்கள். 'கழுவெளிச் சாத்திரத்தில் கரை கண்டவர்' என்று ஆளுக்கொரு ஓலை. வாகீசர் தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டார். அவருக்கு யார் தேர்வு வைத்தது? யாரும் கேட்கவில்லை.

தேறாதவள் ஒருத்தி. கோரை அறுக்கும் கொற்றி. நடை பழகியதே அந்தச் சேற்றில். கோரை முற்றி நின்றது. பத்து நாளில் அறுக்காவிட்டால் பாய்க்கு உதவாது. அவள் தெருவில் இருபது வீட்டு அடுப்பும் பாயை நம்பித்தான் எரிகிறது. நேராகச் சபைக்கே வந்துவிட்டாள், சேற்றுக் காலோடு.

"சபையில் சேறு!" என்று வாகீசர் அங்கவஸ்திரத்தைத் தூக்கிக்கொண்டார்.

"ஏனம்மா தேறவில்லை?" என்று கேட்டார் ராஜா.

"சேத்துக்கு எத்தனை பேருன்னு கேட்டாரு ராசா. நான் அதைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல."

"பதினெட்டு! இதுகூடத் தெரியவில்லை" என்றார் வாகீசர்.

தூண் ஓரத்தில் ஒரு சிரிப்புச் சத்தம். விடங்கன். அவருக்குச் சபையில் இன்ன வேலை என்று கிடையாது. ராஜா சிக்கலில் மாட்டினால் மட்டும் தேடுவார்.

"மகாராஜா, வாய்த் தேர்வு முடிந்தது. கால் தேர்வு பாக்கி. பண்டிதர் அந்தத் திட்டுக்கு நடந்துபோய் ஒரு கடம்ப இலை பறித்து வரட்டும். வந்துவிட்டால் இந்த அம்மாள் இனி கழுவெளிப் பக்கமே வரமாட்டாள்."

"சரிதானா?" என்று ராஜா கொற்றியைப் பார்த்தார்.

"சரிங்க ராசா. ஐயாவை வேட்டிய மடிச்சுக் கட்டச் சொல்லுங்க."

சபை சிரித்தது. வாகீசருக்கு ரோஷம் வந்துவிட்டது. கிளம்பினார்.

பரிவாரம் முழுக்கக் கழுவெளிக்கு வந்தது. சீடர்கள் பன்னிரண்டு பேரும் ஓலையும் கையுமாக வரிசையாக நின்றார்கள்.

"ஓலையை நன்றாகத் தூக்கிக் காட்டுங்கள் பண்டிதரே, சேறு படித்துப் பார்த்து வழி விடும்" என்றார் விடங்கன்.

வாகீசர் பச்சையாக இருந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்தார். ஓரடி. ஈரடி. மூன்றாவது அடியில் முழங்கால் போயிற்று. உதறினார். தொடை போயிற்று. இன்னும் உதறினார். இடுப்பும் போயிற்று.

"ஐயோ! இழுங்கள்!"

காவலர்கள் ஓடினார்கள். விடங்கன் குறுக்கே கையை நீட்டினார்.

"நில்லுங்கள்! உங்களிடம் ஓலை இருக்கிறதா? நாடு கடத்திவிடுவார்கள்."

"அப்படியானால் சீடர்கள் போகட்டும்!" என்றார் ராஜா. சீடர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு கால்கூட அசையவில்லை.

"கொற்றி, நீ போம்மா!"

"எனக்கும் ஓலை இல்லீங்களே ராசா. ஐயாதான் தேறலைன்னுட்டாரு."

"தேறிவிட்டாய்! தேறிவிட்டாயம்மா!" என்று சேற்றிலிருந்து குரல் வந்தது.

"ஆணை ரத்து! போ!" என்று கத்தினார் ராஜா.

கொற்றி கரையில் கிடந்த இரண்டு பழைய கோரைக் கட்டுகளை முன்னால் போட்டாள். அவற்றின்மேல் வயிறு படப் படுத்துக்கொண்டாள்.

"உதறாதீங்க ஐயா. மல்லாந்து சாயுங்க. கைய விரிங்க. பதினெட்டுப் பேரையும் அப்புறம் சொல்லிக்கலாம், இப்ப வாய மூடுங்க."

மெல்ல மெல்ல உருவி எடுத்தாள். இடுப்புக்குக் கீழே வாகீசர் எருமை மாதிரி வந்தார். ஓலை மட்டும் உள்ளேயே போய்விட்டது. சேறு அதைப் படித்ததா என்று தெரியவில்லை.

கொற்றி அப்படியே திரும்பித் திட்டுக்கு நடந்தாள். எங்கே புல், எங்கே பொய் என்று பாதத்துக்கே தெரிந்திருந்தது. கடம்ப இலையைக் கொண்டுவந்து ராஜா கையில் கொடுத்தாள். சேறு முழங்காலைத் தாண்டவில்லை.

ராஜாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

"விடங்கா, முத்திரை ஓலை இவளுக்குத்தான்! எழுது. 'கழுவெளிச் சாத்திரத்தில் கரை கண்டவர்'..."

"அது வேண்டாம் மகாராஜா. இவளுக்கு 'சேறு கண்டவள்' என்று எழுதுவோம்."

"ஏன்? கரை கண்டவர் என்றால் என்ன குறை?"

"கரையைக் கண்டவர்கள் நம்மிடம் ஏற்கெனவே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள்" என்று கை காட்டினார் விடங்கன். "அதோ பாருங்கள், இன்னும் அதன்மேலேயேதான் நிற்கிறார்கள்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி விடங்கனிடம் எறிந்தார். மறுநாள் காலை கொற்றி கோரை அறுக்க இறங்கினாள். பின்னால் பன்னிரண்டு பேர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.