மூன்று முறை அழைத்தும் வராத சாட்சி

ஓசூரில் பிலோமினா என்று ஒரு வக்கீல் இருந்தார். வயது நாற்பத்து மூன்று. தொழிலாளர் சட்டம் தவிர வேறெதையும் தொடமாட்டார். அதிலும் நிர்வாகங்களுக்கு மட்டும்தான் ஆலோசனை. புதிய சட்டத் தொகுப்புகள் வந்ததிலிருந்து, யாரை எப்படி வேலைக்கு எடுக்கலாம், எப்படி அனுப்பலாம் என்று கேட்டு அவருக்கு நாள் முழுக்கப் போன் வந்துகொண்டிருந்தது.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பெயர் அருணகிரி. ஒரு பம்பு ஆலையில் இருபத்தாறு வருடம் பணியாளர் பிரிவில் மேலாளராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, தினமும் பெங்களூருக்குப் பஸ்ஸில் போய்ச் சட்டம் படித்தவர். தலை முழுக்க நரை. நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து நுழைந்தால் எல்லோரும் அருணகிரிக்குத்தான் முதலில் வணக்கம் வைப்பார்கள். அவர் நகர்ந்து நின்று பிலோமினாவைக் காட்டுவார்.

அவர் பிலோமினாவை மேடம் என்பார். பிலோமினா அவரை சார் என்பார்.

பிலோமினா உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறவர் இல்லை. சந்தேகம் கேட்டால் ஒரு ஃபைலை எடுத்து நீட்டுவார். அதிலும் தீராவிட்டால், அடுத்த விசாரணைக்குக் கூட வரச் சொல்வார்.

அன்று காலை காரில் போகும்போது அருணகிரி கேட்டார்.

"மேடம், நாம நிர்வாகத்தோட ஆளு. நிர்வாகம் தப்புப் பண்ணுதுன்னு நமக்கே தெரிஞ்சா, நாம எந்தப் பக்கம் நிக்கணும்?"

"இன்னைக்குச் சாட்சி எத்தனை பேர்?" என்று கேட்டார் பிலோமினா.

அருணகிரி சார்ஜ் ஷீட்டைப் புரட்டினார். "ரெண்டு. ஒண்ணு சூப்பர்வைசர் திம்மராயன். ரெண்டாவது..." அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கவனி."

"யாரு அது?"

"ஆளு இல்ல மேடம். சாஃப்ட்வேர். கேமராவைப் பார்த்து, யாரு எவ்வளவு நேரம் வேலை செஞ்சாங்க, எவ்வளவு நேரம் சும்மா இருந்தாங்கன்னு சொல்லும்."

"சாட்சிப் பட்டியல்ல பேர் இருக்கில்ல?"

"இருக்கு."



அவர்கள் போனது ஒரு பெரிய பார்சல் கிடங்குக்கு. பிலோமினாவின் அலுவலகத்துக்கு இருந்த கட்சிக்காரர்களிலேயே பெரியவர்கள் அவர்கள்தான். அலமாரியில் பாதி அவர்களுடைய ஃபைல்கள். அங்கே பார்சல் கட்டும் எல்லம்மா என்ற பெண்மீது உள் விசாரணை. விசாரணை அதிகாரியாகப் பிலோமினாவை நிர்வாகமே நியமித்திருந்தது.

விசாரணைவரை வந்திருக்கவே வேண்டியதில்லை. மனிதவளப் பிரிவு மேலாளர் நிரஞ்சன் எல்லம்மாவைக் கூப்பிட்டு, நீங்களே வேலையிலிருந்து நின்றுகொள்வதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது என்றிருக்கிறார். இதற்கு முன் கவனி காட்டிய எல்லோரையும் அப்படித்தான் அனுப்பியிருந்தார்கள். எல்லம்மா, "நானா நிக்க மாட்டேன். நீங்க நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. எதுக்குன்னு எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மார்ச் ஒன்பதாம் தேதி ஐம்பத்திரண்டு நிமிடம் வேலை செய்யாமல் இருந்தார் என்பது குற்றச்சாட்டு. அன்றே சஸ்பெண்டும் செய்துவிட்டார்கள்.

விசாரணை மாடியில், கண்ணாடி அறையில். எல்லம்மா நீல மேல்சட்டையோடு வந்தார். நாற்பதை நெருங்கும் வயது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து பிலோமினாவை நேராகப் பார்த்தார்.

"நீங்களும் கம்பெனி ஆளுதானே?"

நிர்வாகத் தரப்பில் உட்கார்ந்திருந்த நிரஞ்சன் நிமிர்ந்தார். பிலோமினா, "ஆமாம்" என்றார். "கம்பெனிதான் என்னைப் போட்டிருக்கு. வேற ஆள் வேணும்னா கேக்கலாம். எழுதிக்கிறேன்."

"யாரைப் போட்டாலும் நான் சொல்லப்போறது இதேதான். நீங்களே கேளுங்க."

முதல் சாட்சி திம்மராயன் வந்தார். நிரஞ்சன் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார். பிறகு எல்லம்மாவின் முறை.

"நான் சும்மா இருந்ததை நீங்க பார்த்தீங்களாண்ணா?"

திம்மராயன் நிரஞ்சனைப் பார்த்தார். "நான் பார்க்கலம்மா. கவனியில வந்துச்சு. செவப்பாக் காட்டுச்சு."

"அப்ப பார்த்தது கவனி."

"ஆமா."

எல்லம்மா பிலோமினாவின் பக்கம் திரும்பினார். "அப்ப நான் அதைத்தான் கேக்கணும்."

நிரஞ்சன் சிரித்தார். அருணகிரிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. பிலோமினா சிரிக்கவில்லை. வாசலில் நின்றிருந்த அலுவலக உதவியாளரைப் பார்த்தார்.

"ரெண்டாவது சாட்சியைக் கூப்பிடுங்க."

"யாரை மேடம்?"

"கவனி. கோர்ட்ல கூப்பிடற மாதிரி மூணு தடவை. கீழ வரைக்கும் கேக்கணும்."

உதவியாளர் தயங்கினார். ஐம்பது வயது மனிதர். நிரஞ்சனைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார். பிறகு வராந்தாவுக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"கவனி."

கீழே ஓரிருவர் தலை தூக்கினார்கள்.

"கவனி."

டேப் ஒட்டும் சத்தம் அங்கங்கே நின்றது.

"கவனி."

கிடங்கு முழுக்க மேலே பார்த்தது. உதவியாளர் திரும்பி வந்து, "யாரும் வரல மேடம்" என்றார்.

பிலோமினா நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். "நிர்வாகத் தரப்பின் இரண்டாம் சாட்சி மூன்று முறை அழைக்கப்பட்டார். வரவில்லை."

"மேடம், அது ஆளே கிடையாது" என்றார் நிரஞ்சன்.

"ஆளே கிடையாதுன்னு எழுதிக்கட்டுமா?"

நிரஞ்சன் சார்ஜ் ஷீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சரி. அதுக்குப் பதிலா யாராவது வந்து பேசலாம். ஒருத்தர் சும்மா இருக்கார்னு அது எதை வெச்சு முடிவு பண்ணுது? யாருக்குத் தெரியும்?"

"அதைச் செஞ்ச கம்பெனியைக் கேட்டோம். வியாபார ரகசியம், சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

பிலோமினா அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "எல்லம்மா, அந்த ஐம்பத்திரண்டு நிமிஷம் எங்க இருந்தீங்க?"

"தரையில."

"தரையிலயா?"

"ஒரு பெட்டி உடைஞ்சு கக்கூஸ் கழுவற ஆசிட் ஓடிருச்சு. மூணாவது லைன் முழுக்க. புள்ளைங்க வழுக்கி விழுந்துருவாங்கன்னு மண்ணைப் போட்டு, துணி வெச்சு அள்ளினேன். முட்டி போட்டுத்தான் அள்ள முடியும்." தன் உள்ளங்கைகளை மேசைமேல் வைத்தார். தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. "கேமரா மேல இருக்கு. நான் கீழ இருந்தேன்."

பிலோமினா திம்மராயனிடம் கேட்டார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். நான்தான் அள்ளச் சொன்னேன்."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல."

அருணகிரி குனிந்து கையிலிருந்த தாள்களை அடுக்குவதுபோல அடுக்கினார். பம்பு ஆலையில் இருந்தபோது ஒரு கடைசல்காரரை வருகைப் பதிவேட்டைக் காட்டி அவரே வேலையை விட்டு அனுப்பியிருந்தார். அந்த மனிதர், "நீங்க பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார். "ரெஜிஸ்டர்ல இருக்கு" என்று இவர் சொன்னார். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு இன்றுவரை அது நினைவுக்கு வந்ததில்லை.

மதியம் நிர்வாக இயக்குநர் கேசவமூர்த்தி இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். நிரஞ்சனும் இருந்தார்.

"மூணு தடவை கூப்பிட வெச்சீங்களாமே" என்றார் கேசவமூர்த்தி.

"ஆமாம்."

"கீழ இருக்கறவங்க வேலையை விட்டுட்டு இதையே பேசிட்டிருக்காங்க. போகட்டும். குற்றச்சாட்டு நிரூபணம் ஆச்சுன்னு ரிப்போர்ட் குடுத்துருங்க."

"ஆகலையே."

"ஒரு பொம்பளை விஷயம் இல்ல மேடம் இது. உங்க ரிப்போர்ட் வெளிய போச்சுன்னா, கவனியை வெச்சு நாங்க அனுப்பின அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

"எத்தனை பேர்?"

கேசவமூர்த்தி ஜன்னலைப் பார்த்தார். நிரஞ்சன்தான் சொன்னார். "நூத்திப் பதினொண்ணு."

"அதுல எத்தனை பேர்கிட்ட, எங்க இருந்தீங்கன்னு கேட்டீங்க?"

நிரஞ்சன் கேசவமூர்த்தியைப் பார்த்தார்.

"அவங்க கோர்ட்டுக்குப் போனா உங்களுக்காக எழுந்து நிக்கப்போறது நான்" என்றார் பிலோமினா. "ஜட்ஜ் சாட்சி எங்கன்னு கேட்பாரு. நான் யாரைக் கூட்டிட்டுப் போறது? நிறுத்திடுங்க சார் இதை. அந்த நூத்திப் பதினொரு பேரையும் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. இதுதான் என் ஆலோசனை."

"ஆலோசனைக்கு நாங்க உங்களை வெச்சுக்கல." கேசவமூர்த்தி குரலை உயர்த்தவில்லை. "சொன்னதைச் செய்யத்தான் வெச்சிருக்கோம்."

"சொன்னதைச் செய்ய ஒண்ணு ஏற்கெனவே வாங்கி மாட்டிட்டீங்களே. இன்னொண்ணு எதுக்கு?"

சொல்லிவிட்டுப் பிலோமினா எழுந்தார். அருணகிரியும் எழுந்தார்.

மூன்றாம் நாள் அறிக்கை போனது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, ஒரே வரி. அதற்குக் கீழே காரணங்கள் எட்டுப் பக்கம்.

அடுத்த வாரம் கிடங்கிலிருந்து இரண்டு பேர் வந்து தங்கள் ஃபைல்களைத் திருப்பிக் கேட்டார்கள். பிலோமினாவே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, சரிபார்த்துக் கொடுத்தார். பிலோமினாவின் இரண்டு குமாஸ்தாக்களில் ஒருவர் வேறு வேலை தேடத் தொடங்கினார். வக்கீல் சங்கக் கூட்டத்தில் இன்னொரு வக்கீல், "கட்சிக்காரனையே குறுக்கு விசாரணை பண்ணினவங்க" என்று பிலோமினாவைக் காட்டிச் சொன்னார். பிலோமினா அவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

அறிக்கை வந்த பிறகும் எல்லம்மா சஸ்பெண்டில்தான் இருந்தார். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்குக் கிடங்கு வாசலுக்கு வந்து, காவலாளியிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டு, எட்டேகாலுக்குத் திரும்பிப் போவதாகத் திம்மராயன் போனில் சொன்னார். அவரை யாரும் வரச் சொல்லவில்லை. வரக்கூடாது என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை. சாலை பொதுச்சாலை.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் அருணகிரி, பிலோமினாவின் மேசைக்கு எதிரே வந்து நின்றார். கையில் அச்செடுத்த ஒரு மின்னஞ்சல்.

"மேடம், கிடங்குல இருந்து வந்திருக்கு. எனக்கு."

"சொல்லுங்க சார்."

"எல்லம்மாமேல மறுபடியும் விசாரணை. அதே குற்றச்சாட்டு. என்னை விசாரணை அதிகாரியாப் போடறாங்களாம். அதோட..." அவர் தாளை மறுபடி பார்த்தார். "எடுத்துட்டுப்போன ஃபைல் எல்லாம் இனிமே நானே பார்க்கலாமாம். தனி அலுவலகம் போட்டுக்கணுமாம்."

பிலோமினா நாற்காலியைக் காட்டினார். அருணகிரி உட்காரவில்லை.

அந்த விசாரணை நடக்கவே இல்லை. அருணகிரிக்குப் பிறகு அவர்கள் கேட்ட இரண்டு வக்கீல்கள், முதல் அறிக்கையின் எட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுமாதம் எல்லம்மாவை வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். அதைத் தொடர்ந்து நூற்றுப் பதினோரு பேரில் நாற்பது பேர் வழக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பெயர்ப் பலகையை மனக்கண்ணில் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு விசாரணை முடிவு பிடிக்கலைன்னு அதையே திரும்ப நடத்தக் கூடாது. சட்டம் எனக்குத் தெரியுது" என்றார் அருணகிரி. "தெரிஞ்சும் ராத்திரியெல்லாம் தூங்கல. என் பையனுக்குப் போன் பண்ணி, அலுவலகத்துக்கு இடம்கூடப் பார்க்கச் சொல்லிட்டேன். இப்ப என்ன பதில் எழுதறது மேடம்? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா எழுதிடறேன்."

பிலோமினா கை நீட்டித் தாளை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"யாரு சார் கையெழுத்துப் போட்டிருக்கா? கேசவமூர்த்தியா, நிரஞ்சனா?"

"ரெண்டு பேரும் இல்ல. கணினியில தயாரான கடிதம், கையெழுத்துத் தேவையில்லைன்னு அடியில போட்டிருக்கு."

பிலோமினா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"பதில்ல நீங்க கையெழுத்துப் போடுங்க, சார்."