கொக்கியில ஹெல்மெட்

ரோஸ்லின்கிட்ட கெர்னல் வேலை கத்துக்க வந்தவரு ஆவுடையப்பன். ஆசானுக்கு இருபத்தேழு வயசு, சிஷ்யனுக்கு நாப்பத்தி மூணு. பேங்க்ல கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேனேஜரா இருந்தவரு. மேனேஜ் பண்ணிப் பண்ணியே கம்ப்யூட்டர் மறந்து போச்சுன்னு வேலையை விட்டுட்டு நாகர்கோவில் வந்து சேந்தாரு. அவரு அவளை "ஆசானே"ம்பாரு. அவ அவரை "அண்ணே"ம்பா. ரெண்டு பேருக்கும் இதுல ஒரு சங்கடமும் இல்ல.

வெள்ளிக்கிழமை கெடு. ஒரு ஸ்கேன் சென்டர் மெஷின் ஆமை மாதிரி ஓடுது. அங்க சின்னச் சின்ன ஃபைலு லட்சக்கணக்குல. ஒரு ஃபைலைத் தொறந்தாலும் படிச்சாலும் மூடினாலும், மெஷின்ல எல்லா ப்ரோகிராமுக்கும் அடியில ஓடுற கெர்னல் "இந்த ஃபைலுக்கு இது நடந்துச்சு"ன்னு ஒரு சேதி தயார் பண்ணும், ஃபைலைக் கவனிச்சுக்கிட்டு இருக்கிற ப்ரோகிராமுக்கு அனுப்ப. அந்தச் சேதி வேலைதான் மெஷினைத் தின்னுது. இதைச் சரி பண்ணிட்டா ஆவுடையப்பன் இங்கயே இருக்கலாம். இல்லைன்னா பேங்க்ல பழைய நாற்காலிக்கே திரும்பறதா வீட்ல வாக்கு குடுத்திருந்தாரு. நாற்காலி இன்னும் காலியாத்தான் கிடக்கு. அதுதான் அவருக்குப் பயம்.

செவ்வாய்க்கிழமை ஆசான் ரூமுக்கு வந்தாரு.

"ஆசானே, சேதியைச் சுருக்கிட்டேன். எழுதற விதத்தையும் மாத்திட்டேன். இப்போ கொஞ்சம் சுறுசுறுப்பான ஆமையா ஆயிருக்கு. இன்னும் எப்படி வேகமா எழுதறது?"

ரோஸ்லின் திரும்பல. "ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல இன்னைக்கு என்னண்ணே போட்டீங்க?"

அவருக்கு முகம் மலர்ந்துருச்சு. ஒவ்வொரு அசைவையும் குரூப்ல போடறது பேங்க்ல ஒட்டிக்கிட்ட பழக்கம். போனை எடுத்து வாசிச்சாரு.

"'வந்துட்டேன்.' 'கம்பைல் ஆரம்பம்.' 'டீக்குப் போறேன்.' டீ போட்டோ இருக்கு. 'டீ முடிஞ்சது.' 'கம்பைல் இன்னும் முடியல.'"

"போட்டோ அப்படியே போட்டுருவீங்களா?"

"சேச்சே. ஓரம் வெட்டி, வெளிச்சம் கூட்டித்தான் போடுவேன்."

"குரூப்ல யார் யாருண்ணே இருக்காங்க?"

பாத்தாரு. கீழ தள்ளிப் பாத்தாரு. தள்ளறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரே ஒரு பேரு, அவரு பேரு.

"நீங்க எப்போ போனீங்க ஆசானே?"

"ஆடி மாசம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"குரூப்பே சொல்லுச்சுண்ணே, நான் போயிட்டேன்னு. அது மேல உங்க டீ வந்து மூடிருச்சு."

ஆவுடையப்பன் தன் இடத்துக்குப் போய் கெர்னல் கோடிங்கைத் தொறந்தாரு. கெர்னல் ஃபைல் பேரை எடுக்குது, ஃபோல்டர் பேரை எடுக்குது, பூட்டுப் போடுது, சேதியை அழகா மடிக்குது. எல்லாம் முடிஞ்சப்புறம் தலையைத் தூக்கி, யாராவது கவனிக்கிறாங்களான்னு பாக்குது. யாருமில்ல. சேதியைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த ஃபைலுக்குப் போவுது.

"போட்டோ மட்டும்தான் போடல"ன்னு முனகிக்கிட்டாரு. கடைசியில இருந்த 'யாராவது கவனிக்கிறாங்களா'ங்கற கேள்வியைத் தூக்கி முதல்ல வெச்சாரு.

மறுநாள் வந்தாரு. "பாதி வேகம் வந்துருச்சு ஆசானே. மீதி எங்க போவுதுன்னுதான் தெரியல."

"காலையில இருந்து எத்தனை தடவைண்ணே என்னைத் தேடினீங்க?"

"யாரு கண்டா? இனிமே ஆள் இருந்தாத்தான் பேசறதுன்னு முடிவு பண்ணிட்டேன்ல. ஏதாவது தோணினா முதல்ல ரூம்ல எட்டிப் பாப்பேன். இல்லைன்னா மாடிக்கு ஓடுவேன். அங்கயும் இல்லைன்னா கீழ உங்க வண்டி நிக்குதான்னு பாப்பேன்."

"அதுல எவ்வளவு வேலை நடந்துச்சு?"

"முட்டி வலிக்குது."

ரோஸ்லின் எந்திரிச்சா. மேஜை மேல இருந்த ஹெல்மெட்டை எடுத்து, வாசக் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில மாட்டினா. அவரு நாற்காலியில இருந்து பாத்தா நேரா தெரியும்.

"வந்தா நான் மாட்டுவேன். போனா எடுத்துட்டுப் போயிருவேன்."

அவ்வளவுதான் சொன்னா.

அவரு மறுபடி கோடிங்கைத் தொறந்தாரு. ஒவ்வொரு ஃபைலுக்கும் கெர்னல் ஃபைலைத் தட்டி, ஃபோல்டரைத் தட்டி, டிஸ்கைத் தட்டி, மூணு வாசல்லயும் "யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டுக்கிட்டு அலையுது. மாத்தினாரு. கவனிக்க வர்ற ப்ரோகிராம், வரும்போது டிஸ்க் பேர்ல இருக்கிற 'எத்தனை பேர் கவனிக்கிறாங்க'ங்கற எண்ணைத் தானே கூட்டணும், போகும்போது தானே குறைக்கணும். கெர்னல் ஓடுற ஓட்டத்துல ஒரு பார்வை பாத்துக்கும். பூஜ்யமா? தன் வேலையைப் பாக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்கேன் சென்டர்ல இருந்து போன். "சார், பறக்குது. இனிமே இந்தக் கெர்னலே இருக்கட்டும்."

போனை வெச்சாரு. கை தன்னால குரூப்பைத் தொறந்துச்சு. 'ஜெயிச்சுட்டோம்'னு அடிச்சு, பக்கத்துல ஒரு ராக்கெட்டும் வெச்சாரு. நிமிந்து பாத்தாரு. கொக்கி காலி.

ராக்கெட்டை அழிச்சாரு. அப்புறம் ஒவ்வொரு எழுத்தா அழிச்சாரு. போய் டீ குடிச்சாரு. அந்த டீ எப்படி இருந்துச்சுன்னு அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலையில ரோஸ்லின் தலையில ஹெல்மெட்டோட உள்ள வந்தா.

"நேத்து ஸ்கேன் சென்டர்க்காரங்க பேசறேன்னாங்களே. நீங்க ஒண்ணும் சொல்லலையேண்ணே?"

"சொல்லணும்னுதான் இருந்துச்சு. கொக்கி காலியா இருந்துச்சு, ஆசானே."

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

"அடுத்த ஃபைலைத் தொறந்துட்டேன்."

ரோஸ்லின் ஹெல்மெட்டைக் கழட்டிக் கொக்கியில மாட்டினா. ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிர்ல போட்டு உக்காந்தா.

"இப்போ சொல்லுங்கண்ணே."