அறுபது பங்கு, ஒரு கை

“ஒரே வரிதான் எழுதியிருக்கேன். அதுல என்ன குறை மேடம்?” என்று கேட்டார் அரங்கநாயகம்.

வயது ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து வருஷம் கிரிமினல் கோர்ட்டில் கர்ஜித்த வக்கீல். கம்பெனி ஒப்பந்தம் எழுதக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பதினாறு வயது இளைய தாமரைச்செல்வியிடம் வந்து சேர்ந்திருந்தார்.

வராமல் என்ன செய்வார்? கோயம்புத்தூரில் அந்தம்மா கை பட்ட ஒப்பந்தம் ஒன்றுகூடக் கோர்ட் படி ஏறினதில்லை. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மூளை.

தாமரைச்செல்வி அந்த வரியைப் படித்தார். ‘எல்லா முடிவுகளும் பெரும்பான்மை வாக்குப்படி.’

“யாருக்குப் பெரும்பான்மை சார்?”

“கோகிலவாணி அம்மாவுக்குத்தான். நூறு பங்குல அறுபது அவங்களோடது. தம்பிங்க அஞ்சு பேருக்கும் ஆளுக்கு எட்டு. இதுல என்ன சந்தேகம்?”

கோகிலவாணிக்குப் பொள்ளாச்சியில் கயிறு ஆலை. தேங்காய் நாரில் விரல் தேய உழைத்து அவர் வாங்கிய நிலத்தில் நிற்கிறது. தம்பிகளுக்கோ அந்த நிலத்தை விற்றாக வேண்டும்.

தாமரைச்செல்வி எழுந்து கதவைத் திறந்தார். கையெழுத்துப் போட வெளியே காத்திருந்த ஆறு பேரையும் உள்ளே கூப்பிட்டார்.

“இதையே உங்க கம்பெனி மீட்டிங்னு வெச்சுக்குங்க. நிலத்தை விக்கலாம்ங்கிறவங்க கை தூக்குங்க.”

ஐந்து கைகள்.

“வேண்டாம்ங்கிறவங்க?”

கோகிலவாணி கை தூக்கினார். தம்பிகளின் கைகளைப் பார்த்தார்.

மெதுவாக இன்னொரு கையையும் தூக்கினார்.

“ரெண்டுன்னே வெச்சுக்கிட்டாலும் நிலம் போச்சுங்க அக்கா” என்றான் கடைசித் தம்பி.

“அதெப்படி?” அரங்கநாயகம் எழுந்துவிட்டார். “பங்கை எண்ணுங்கன்னு இவங்க கேட்டா எண்ணித்தானே ஆகணும்?”

“கேக்காட்டி சட்டப்படி ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு. கேட்டாங்களா சார்?” என்றார் தாமரைச்செல்வி.

அரங்கநாயகம் கோகிலவாணி பக்கம் திரும்பினார். அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து தன் வரியை அடித்தார். ‘ஒரு பங்குக்கு ஒரு வாக்கு. எந்த முடிவுக்கும் கை தூக்கி ஆள் கணக்கு எடுக்கக் கூடாது’ என்று எழுதினார்.

தாமரைச்செல்வி படித்துப் பார்த்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் தாளைக் கோகிலவாணி பக்கம் நகர்த்தினார்.

“கையை இறக்குங்கம்மா. கையெழுத்துக்கு ஒண்ணு போதும்.”