உறைமோர் சொன்ன பதில்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு சந்துக்குள், முன்பு ஒரு சின்ன மெஸ் இருந்தது. சமைப்பவள் அன்னக்கொடி. பரிமாறுவது அவள் கணவன் வீரபுத்திரன். சாம்பாரும் ரசமும் எல்லாக் கடையிலும் கிடைப்பது போலத்தான் இருக்கும். ஆட்கள் அந்தச் சந்துக்குள் நுழைந்தது தயிருக்காக.

அந்தத் தயிருக்குக் காரணம், அடுப்படி அலமாரியில் இருந்த ஓர் எவர்சில்வர் கிண்ணம். அதில் உறைமோர் இருந்தது. சாயங்காலம் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அன்னக்கொடி அந்த உறைமோரை ஊற்றிக் கலக்குவாள். மறுநாள் பால் தயிராகியிருக்கும். மத்தியானச் சாப்பாடு தொடங்கும் முன்னால் பானைத் தயிரில் ஒரு கரண்டியை எடுத்துக் கிண்ணத்தில் வைப்பாள். அன்றைக்கு அதுதான் உறைமோர்.

ஆகவே கிண்ணத்தில் இருப்பது எப்போதும் முந்தின நாள் பால்தான். ஆனால் அது தன்னைப் பால் என்று நினைத்துக்கொள்வதில்லை. காலம் காலமாக அந்தக் கிண்ணத்திலேயே இருப்பதாக ஒரு நினைப்பு அதற்கு.

பால் தினமும் புதிதாக வரும். கொதித்து, பொங்கி, பயந்துபோய், பிறகு ஆறி அமைதியாகும்போது தவறாமல் ஒன்றைக் கேட்கும்.

"நான் என்ன ஆகப் போறேன்?"

உறைமோர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடும். அன்றைக்கு வாய்க்கு என்ன வருகிறதோ அது. பால் அதை அப்படியே நம்பும். ராத்திரி முழுவதும் நம்பிக்கொண்டே இருந்து, விடியும்போது அதுவாகவே ஆகியிருக்கும்.

ஒருநாள் பால்காரர் பாலில் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகச் சேர்த்துவிட்டார். மறுநாள் தயிர் நீர்த்துக் கிடந்தது. சாப்பிட வந்த ஒருவர் கரண்டியில் தயிரைத் தூக்கி ஒழுகவிட்டுக் காட்டினார். அன்னக்கொடிக்கு அவமானமாகிவிட்டது. எல்லார் முன்னாலும் அலமாரியைப் பார்த்து, உறைமோர்தான் சரியில்லை போலிருக்கு என்று சொல்லிவிட்டாள்.

உறைமோர் அதைக் கேட்டது. பால்காரர் செய்ததற்குத் தன் தலையில் பழி. இத்தனை நாள் நன்றாக உறைந்தபோது ஒருவரும் கிண்ணத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் அதற்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் பால் வழக்கம்போலக் கேட்டது. உறைமோர் சொன்னது: "என்ன ஆனாலும் பேரு வராது. அதனால முறைச்சுக்கிட்டே இரு."

பால் நம்பியது.

மறுநாள் தயிர் லேசாகப் புளித்தது. பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. அதிலும் ஒரு கரண்டி கிண்ணத்துக்கு வந்தது. இந்தப் புது உறைமோருக்கு மனம் கசந்து கிடந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. பால்காரரோ, நீர்த்த தயிரோ, அந்தப் பேச்சோ எதுவும் அதன் நினைவில் இல்லை. அதெல்லாம் நேற்றைய சாப்பாட்டோடு போய்விட்டது. கோபம் மட்டும் மிஞ்சியிருந்தது. காரணம் இல்லாத கோபத்துக்குக் காரணம் கண்டுபிடிப்பது சுலபம். கரண்டி இடித்துவிட்டது, மூடி சரியாக மூடவில்லை, அடுப்பு அனலடிக்கிறது. சாயங்காலம் பாலிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னது.

இப்படியே நாளுக்கு நாள் ஏறியது.

அந்த மெஸ்ஸுக்குச் சண்முகக்கனி என்ற பேருந்து ஓட்டுநர் மத்தியானம் தவறாமல் வருவார். அவருக்கு வயிற்றுப்புண். குழம்பு, ரசம், ஊறுகாய் எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தயிர்ச்சாதம் ஒன்றுதான் அவருக்குச் சாப்பாடு. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி வண்டி எடுப்பார்.

அன்று முதல் கவளத்திலேயே அவர் முகம் சுளித்தது.

"மதினி, இது தயிரா, புளிக்குழம்பா?"

"வெயிலு காலம் கொழுந்தனாரே. அப்படித்தான் இருக்கும்."

"மார்கழியில எங்க மதினி வெயிலு?"

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். அன்னக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. சண்முகக்கனி பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். வயிறு எரிய ஆரம்பித்திருந்தது. வெளியே போய், நடத்துநர் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தார். நடத்துநர் அந்தச் சூட்டில், இரண்டு பையோடு ஓடி வந்த ஒரு பெண்ணைப் பார்த்தும் விசில் கொடுத்துவிட்டார். வண்டி போய்விட்டது. அந்தப் பெண் திரும்பி வந்து மெஸ் வாசலில் நின்றபடி வீரபுத்திரனிடம் அடுத்த வண்டி எப்போது என்று கேட்டாள். அவரும் கடுகடுப்பாகவே பதில் சொன்னார். அடுப்படிக்குள் வந்தபோது அந்தக் கடுகடுப்பு அன்னக்கொடிக்கும் கிடைத்தது.

உறைமோர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பார்த்தாயா, உலகமே இப்படித்தான் இருக்கிறது என்று அலமாரியில் இருந்த உப்பு ஜாடியிடம் சொன்னது. தான் சொன்னது பலித்ததில் அதற்கு ஒரு திருப்தி.

மறுநாளும் சண்முகக்கனி வந்தார். தயிரை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டார். போகும்போது, கோபம் இல்லாமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நாளைக்கும் இப்படின்னா சொல்லிருங்க மதினி. நான் வேற இடம் பார்க்கணும். வயிறு காலியா இருந்தா ஸ்டியரிங் பிடிக்கையில கை நடுங்குது."

அவர் கத்தியிருந்தால் அன்னக்கொடி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சாயங்காலம் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, கிண்ணத்தைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

"ஏங்க, இதைக் கொட்டிரலாம். சந்துக் கோடியில பேச்சித்தாய் வீட்டுல கொஞ்சம் உறைமோர் வாங்கிட்டு வாங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள போங்க. அப்புறம் தரமாட்டாங்க."

விளக்கு வைத்த பிறகு பாலோ தயிரோ மோரோ வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது அந்தச் சந்தில் எல்லா வீட்டுக்கும் பழக்கம். வீரபுத்திரன் ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

கொட்டிரலாம் என்ற சொல் கிண்ணத்துக்குள் விழுந்து அப்படியே நின்றது. உறைமோருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

தம்ளர் வந்து சேர்ந்தது. அதற்குள் இருந்த உறைமோர் மிடுக்காகக் கிண்ணத்தைப் பார்த்தது. உன் இடத்துக்கு என்னைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்றது. அன்னக்கொடி அதில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது நம்ம வீட்டுதுங்க."

"ஏட்டி, நான்தான கையால வாங்கிட்டு வந்தேன்?"

"போன வாரம் பேச்சித்தாய் நம்மகிட்ட வாங்கிட்டுப் போனா. அதே புளிப்பு."

தம்ளரில் இருந்ததும் கிண்ணத்தில் இருந்ததும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இரண்டுக்கும் ஒரே கடுப்பு. ஏன் கடுப்பு என்று இரண்டுக்குமே தெரியவில்லை. பேச்சித்தாயிடம் உறைமோர் வாங்கிப் போன தையல்காரர் வீட்டில் இந்த வாரம் முழுக்கச் சண்டை என்று தம்ளர் சொன்னது. அப்படி வாங்கிப் போன இன்னும் இரண்டு வீடுகளைப் பற்றியும் சொன்னது. அங்கெல்லாம் யார் தொடங்கி வைத்தார்கள் என்று உறைமோர் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டது.

அதற்குள் எதிர்வீட்டில் விளக்கு வைத்துவிட்டார்கள். இனி எந்த வீட்டுக் கதவையும் தட்ட முடியாது.

அன்னக்கொடி காய்கறிக் கூடையை இழுத்துப் பச்சை மிளகாய்களை எடுத்தாள். உறைமோர் இல்லாத நாளில் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் பாலில் போட்டால் தயிர் உறையும் என்பது அவளுக்குத் தெரியும். மிளகாய்களைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாலை இறக்கப் போனாள்.

உறைமோரால் பொறுக்க முடியவில்லை. "என்னைப் புளிப்புன்னு கொட்டப் போறாங்க. உன்னையா பாலில போடப் போறாங்க? உன் குணம் ஊருக்கே தெரியும்."

"தெரியுந்தான்" என்றது மிளகாய். "நான் காரம். இல்லேன்னு சொல்லல."

"பிறகு?"

"எத்தனையோ வீட்டுல என் காம்பை வச்சுப் பாலை உறைய விட்டிருக்காங்க. தயிர் காரமா இருக்குன்னு எவனாவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

உறைமோர் யோசித்தது. கேட்டதில்லை.

"காரம் என்கிட்ட உள்ளதுதான்" என்றது மிளகாய். "குழம்பு கேக்கும், குடுப்பேன். பாலு ஒண்ணுந்தெரியாம வருது. அதுகிட்ட நான் காம்பைத்தான் நீட்டுவேன்."

"எனக்குக் காம்பு இல்லையே. நான் மேலயும் கீழயும் புளிப்பு."

"மேலயும் கீழயுமா? உன் தலைமேல தண்ணி நிக்குது பாரு."

உறைமோர் தன்னைத்தானே பார்த்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் தண்ணீர் தெளிந்து நின்றது. புளிப்பில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. அதுவரை அது பிரிய வரும்போதெல்லாம் உறைமோர்தான் அதை உள்ளே இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அந்தத் தண்ணீரும் தானும் ஒன்று என்று அது நினைத்திருந்தது.

இழுத்துப் பிடிப்பதை நிறுத்தியது. சுலபமாக இல்லை. தண்ணீர் மெல்ல மெல்ல மேலே வர, தான் சிறுத்துக் கீழே இறங்குவது அதற்குத் தெரிந்தது. கடைசியில் கிண்ணத்தின் அடியில் ஒரு விரல்நுனி அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தது.

வீரபுத்திரன் வெறும் காம்பை நம்பக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காம்பு போட்டால் உறைய நேரமாகும். சண்முகக்கனி சாப்பிட வரும் நேரத்துக்குள் உறையாவிட்டால் என்ன செய்வது? அன்னக்கொடி கிண்ணத்தைப் பார்த்தாள். மேலே தெளிந்து நின்ற தண்ணீரைச் சாய்த்துக் கீழே ஊற்றினாள். அடியில் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு குறைந்திருந்தது. இரண்டு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் பாலில் போட்டாள். அந்த விரல்நுனி உறைமோரையும் போட்டாள்.

பால் ஆறிக்கொண்டிருந்தது.

"நான் என்ன ஆகப் போறேன்?"

உறைமோருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. கொட்டப் பார்த்தார்கள், மிளகாயோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள், பாதி உடம்பு போய்விட்டது. எல்லாம் உண்மைதான். ஆனால் பாலுக்கு அதெல்லாம் தேவையா என்று அது யோசித்தது.

"நாளைக்கு மத்தியானம் வயித்துப்புண்ணோட ஒருத்தர் வருவார்" என்றது. "அவருக்குச் சாப்பாடா ஆகப் போற."

மறுநாள் சண்முகக்கனி வந்து உட்கார்ந்தார். அன்னக்கொடி அடுப்படி வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் ஒரு கவளம் விழுங்கினார். நிறுத்தினார். அடுத்த கவளத்தை எடுத்தார்.

"கொஞ்சம் புளிக்கத்தான் செய்யுது" என்றார். "ஆனா இறங்குது மதினி."

ஒரே நாளில் எல்லாப் புளிப்பும் போய்விடவில்லை. ஆனால் அவர் இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. வண்டியில் ஏறும்போது நடத்துநரிடம் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சந்து முனையில் யாரோ ஓடிவருவதைப் பார்த்த நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். வண்டி நின்று ஏற்றிக்கொண்டு போனது.

அன்றைய தயிரிலும் ஒரு கரண்டி கிண்ணத்துக்கு வந்திருந்தது. புது உறைமோருக்கு மனம் லேசாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. மிளகாயோ, தெளிந்த தண்ணீரோ, அந்தப் பயமோ எதுவும் அதன் நினைவில் இல்லை. அதெல்லாம் சாப்பாட்டோடு போய்விட்டது.

விளக்கு வைக்கும் முன்னால் பேச்சித்தாய் தம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். அன்னக்கொடி கிண்ணத்தில் இருந்து பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

பிறகு பால் பொங்கியது, இறங்கியது, ஆறியது.

"நான் என்ன ஆகப் போறேன்?"

கிண்ணத்தில் இருந்தது வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், முதலில் யோசித்தது.